உறைபனியில் விளையும் முந்திரிகை
நயாகராவின் வைன் தோட்டங்களும் எமது சாப்பாட்டு மேசையும்

ரொறன்ரோவில் வாழும் எம்மவருள் நயாகரா நீர்வீழ்ச்சியைக் காணாதவர் அரிது. ஊரிலிருந்து மாமியோ, இலண்டனிலிருந்து சித்தப்பா குடும்பமோ வந்திறங்கினால் அடுத்த சனிக்கிழமையே புளிச்சாதமும் கட்லற்றும் கட்டிக்கொண்டு குயின் எலிசபெத் நெடுஞ்சாலையில் ஏறிவிடுகிறோம். ஹமில்ரன் நகரைத் தாண்டியதும் இடப்புறம் ஒன்ராறியோ ஏரியும் வலப்புறம் நெடுகிலும் தொடரும் குன்றும் தென்படும். அவ்விரண்டுக்கும் இடையே கம்பி வரிசைகளில் படர்ந்த கொடிகள் மைல் கணக்கில் ஓடிக்கொண்டிருக்கும். அவற்றைப் பார்த்து, "முந்திரிகைத் தோட்டம்" என்று ஒருவர் சொல்வார். வாகனம் நிற்காமல் நீர்வீழ்ச்சியை நோக்கிப் போய்விடும்.

முந்திரிகை என்று நாம் சொல்வதைத் தமிழகத்தவர் திராட்சை என்பர். அவர்களது முந்திரி எமக்கு மரமுந்திரிகை. சொல் எதுவாயினும் அந்தக் கொடி யாழ்ப்பாணத்தாருக்கு அந்நியமானதன்று. உரும்பிராய், கோண்டாவில், சுன்னாகம் ஆகிய செம்மண் ஊர்களிலே கிணற்று நீர் பாய்ச்சிப் பந்தலிட்டு முந்திரிகை வளர்த்த கமக்காரர் பலர் இன்று ஸ்காபரோவிலும் மார்க்கத்திலும் பேரப்பிள்ளைகளைப் பாடசாலைக்கு அழைத்துச் செல்லும் முதியவர்களாக இருக்கின்றனர். எந்த மாதத்தில் கொடியைக் கவ்வாத்துச் செய்தால் எந்த மாதத்தில் குலை தள்ளும் என்பதை அவர்கள் விரல் மடித்துச் சொல்வார்கள். அத்தகையோருக்கு நயாகராக் கொடிகளின் கதை, நீர்வீழ்ச்சியின் இரைச்சலைவிடக் கேட்கத்தக்கது என்பது இக்கட்டுரையாளரின் துணிபு.

குளிர் காக்கும் ஏரி

வெப்ப நாட்டில் முந்திரிகைக் கொடி உறங்குவதில்லை. இலையுதிர்த்து ஓய்வெடுக்க அதற்குப் பனிக்காலம் கிடையாது. ஆகவே கமக்காரன் கத்தியால் வெட்டிக் கொடியை எழுப்புகிறான். வெட்டிய மூன்று நான்கு மாதங்களில் பழம். தமிழகத்தின் கம்பம் பள்ளத்தாக்கில் விளையும் பன்னீர்த் திராட்சை ஆண்டு முழுவதும் அறுவடையாவது இதனாலேதான். 1832 இல் பிரெஞ்சுப் பாதிரியார் ஒருவர் தமிழகத்துக்குக் கொண்டுவந்ததாகக் கூறப்படும் அவ்வினம் 2023 இல் புவிசார் குறியீடு பெற்றது.

நயாகராவிலோ கொடிக்கு ஆண்டில் ஒரே பிறப்புத்தான். மே மாதத்திலே முளை, ஜூனிலே பூ, செப்ரெம்பர் ஒக்ரோபரில் பழம், பிறகு ஐந்து மாதத் தூக்கம். அந்தத் தூக்கத்திலே வெப்பநிலை மறை 20 பாகைக்கு வெகுவாகக் கீழே இறங்கினால் ஐரோப்பிய இனக் கொடிகளின் மொட்டுகள் கருகிவிடும். 2014, 2015 ஆகிய ஆண்டுகளின் கடுங்குளிரில் மெர்லோ, சோவின்யோன் பிளாங் போன்ற மென்மையான இனங்களை வைத்திருந்தவர்கள் பெரும் நட்டம் அடைந்தனர். ரொறன்ரோவுக்குக் கிழக்கே பிரின்ஸ் எட்வேட் கவுன்ரியில் குளிர் இன்னும் கொடியது. அங்கே இலையுதிர்காலம் முடிந்ததும் கொடித் தண்டுகளைத் தரையிலே வளைத்துக் கட்டி மண்ணால் மூடி, இளவேனிலில் மீண்டும் தோண்டி எடுக்கின்றனர். புகையிலைக்கும் உருளைக்கிழங்குக்கும் மண் அணைத்துப் பழகிய எம்மவர் கண்டால், வேலையின் அருமையை உடனே உணர்ந்துகொள்வர்.

நயாகராவை அந்தச் சிரமத்திலிருந்து பெரும்பாலும் காப்பது ஏரி. ஆழமான ஒன்ராறியோ ஏரி முழுவதுமாக உறைவது மிக அரிது. கோடையிலே சேமித்த வெப்பத்தை அது குளிர்காலம் நெடுகிலும் சிறிது சிறிதாக விட்டுக்கொடுக்கிறது. வசந்தத்திலே நிலைமை தலைகீழ்: ஏரியின் குளிர்ந்த காற்று கொடி அவசரப்பட்டு முளைவிடாமல் தடுக்கிறது. அதனால் ஏப்ரல் கடைசியில் வரும் திடீர் உறைபனிக்குத் தளிர் பலியாவதில்லை. ஏரிக்காற்றைத் தெற்கே நிற்கும் குன்று தடுத்துத் திருப்பி அனுப்ப, காற்று ஓரிடத்தில் தேங்காமல் சுழல்கிறது. காற்றாலை போன்ற உயர்ந்த விசிறிகள் தோட்டங்களின் நடுவே நிற்பதைப் பலர் பார்த்திருப்பீர்கள். அவை மின்சாரம் பிறப்பிப்பன அல்ல. உறைபனி இரவுகளிலே மேலே மிதக்கும் சற்று வெப்பமான காற்றைக் கீழே இழுத்துக் கொடிகளுக்கு ஊட்டுவன.

களஞ்சியத்தில் தொடங்கிய தொழில்

ஒன்ராறியோவில் 1916 முதல் 1927 வரை மதுவிலக்கு நடைமுறையில் இருந்தது. அந்நாட்களிலும் உள்ளூர்ப் பழத்தில் செய்த வைனுக்கு மட்டும் விலக்களிக்கப்பட்டிருந்தமை வேடிக்கையான செய்தி. முந்திரிகை விவசாயிகளின் வாக்குப் பலம் அத்தகையது போலும். மதுவிலக்கு நீங்கிய பின் புதிய வைன் ஆலைகளுக்கு அனுமதிப்பத்திரம் வழங்குவது நின்றுபோயிற்று. பழைய ஆலைகளை ஒன்றையொன்று வாங்கி விழுங்க, விரல்விட்டு எண்ணத்தக்க பெரிய கம்பனிகளே எஞ்சின. அவை செய்தது கொன்கோட், நயாகரா என்னும் வட அமெரிக்க இனப் பழங்களிலிருந்து. தின்பதற்கும் ஜாம் காய்ச்சுவதற்கும் அருமையான பழங்கள். ஆயின் வைனாக்கும்போது ஒருவகைக் காட்டு நெடி வீசும். அந்த நெடியை மறைக்கச் சீனியும் வாயுவும் சேர்த்தார்கள். 1971 இல் வந்த 'பேபி டக்' என்னும் இனிப்பு நுரை வைன் கனடா முழுவதும் விற்றுத் தீர்ந்தது. விற்றது உண்மை, அதனால் மதிப்பு வந்ததென்று எவரும் சொல்வதில்லை.

இந்நிலையில்தான் இன்னிஸ்கிலின் என்ற சிறு ஆலை தோன்றியது. அதைத் தொடங்கிய இருவரும் குடிபெயர்ந்தோர் மரபினர். டொனால்ட் சிரால்டோ இத்தாலியக் குடியேறிகளின் மகன். குவெல்ப் பல்கலைக்கழகத்தில் விவசாயம் படித்து நாற்றுப்பண்ணை நடத்தியவர். கார்ல் கைசர் ஒஸ்திரியாவிலே பிறந்து 1969 இல் கனடா வந்தவர். இளமையிலே துறவு மடமொன்றில் கற்றவர். இங்கே புரொக் பல்கலைக்கழகத்தில் இரசாயனம் பயின்றவர். புதிய நாட்டு வைன் அவர் நாவுக்கு ஒவ்வவில்லை. வீட்டிலேயே செய்துகொள்ளலாமென்று நாற்று வாங்கச் சென்ற இடம் சிரால்டோவின் பண்ணை. அப்படிப் பிறந்த பழக்கம் கூட்டு முயற்சியாயிற்று.

1974 இல் சிரால்டோ றீஸ்லிங், சார்டொனே, கமே ஆகிய ஐரோப்பிய இனங்களை நட்டார். இந்தக் குளிரில் அவை பிழைக்கா என்பதே அன்றைய பொதுக் கருத்து. மதுபானக் கட்டுப்பாட்டுச் சபையான எல்.சி.பி.ஓ.வின் தலைவராக அப்போதிருந்த ஜெனரல் ஜோர்ஜ் கிச்சிங் இவர்களுக்கு ஆதரவாக நின்றார். 1975 ஜூலை 31 இல் அனுமதிப்பத்திரம் கிடைத்தது. 1929 க்குப் பின் ஒன்ராறியோவில் வழங்கப்பட்ட முதல் வைன் ஆலை அனுமதி அதுவே. பண்ணையில் இருந்த பழைய பொதியிடும் கொட்டிலே முதல் ஆலை. 1978 இல் நயாகரா-ஒன்-த-லேக் பகுதியிலுள்ள இன்றைய இடத்துக்கு மாறியது. பெயர் வந்த வழி சுவையானது: 1812 ஆம் ஆண்டுப் போரில் இன்னிஸ்கிலிங் என்னும் அயர்லாந்துப் படைப்பிரிவிலே பணியாற்றிய கேணல் ஒருவருக்கு அரசு கொடையாக அளித்த காணி அது.

அவர்களைப் பின்பற்றிச் சிறு ஆலைகள் ஒவ்வொன்றாக முளைத்தன. ஆயின் பெரும்பாலான தோட்டங்களில் இன்னும் பழைய கொடிகளே. அவற்றை அசைத்தது அரசியல். 1988 இல் அமெரிக்காவுடன் கட்டற்ற வர்த்தக உடன்படிக்கை கைச்சாத்தானபோது, கலிபோர்னிய வைன் வரி குறைந்து வந்து குவியப்போகிறது, எம் கதை முடிந்தது என்று நயாகராக் கமக்காரர் அஞ்சினர். மத்திய அரசும் மாகாண அரசும் நட்டஈடு கொடுத்து, ஆயிரக்கணக்கான ஏக்கரில் நின்ற பழைய கொடிகளைப் பிடுங்கச் செய்தன. தந்தையும் பாட்டனும் நட்ட கொடிகளை உழவு இயந்திரத்தில் சங்கிலி பூட்டி இழுத்து, குவித்து எரித்தவர்கள் அன்று என்ன நினைத்திருப்பர் என்பதை, காணியையும் தோட்டத்தையும் விட்டு வந்த எமக்கு எவரும் விளக்கத் தேவையில்லை. அதே ஆண்டிலேதான் வி.கியூ.ஏ. என்னும் தர முத்திரையும் பிறந்தது. உள்ளூர்ப் பழம் மட்டும், குறித்த இனங்கள் மட்டும், சுவைப்போர் குழுவின் சம்மதத்துடன் மட்டும் என்பது அதன் நியதி. 1999 இல் அது மாகாணச் சட்டமாயிற்று. இன்று ஒன்ராறியோவில் நூற்றுக்கு மேற்பட்ட ஆலைகள் அம்முத்திரையுடன் வைன் செய்கின்றன. உடன்படிக்கையால் அழியும் என்றார்கள். உடன்படிக்கைக்கு அஞ்சிச் செய்த மாற்றத்தால் பிழைத்தது.

இகழப்பட்ட பழத்தின் வெற்றி

இனி இந்த வட்டாரத்தை உலகறியச் செய்த பண்டத்துக்கு வருவோம். அது ஐஸ்வைன், உறைந்த பழத்தின் தேறல். ஜேர்மனியர் 1830 இல் கண்டறிந்தது என்பர். முறை சுருக்கமானது. பழுத்த குலைகளைப் பறிக்காமல் கொடியிலேயே மார்கழி தை வரை விடுவர். வெப்பநிலை மறை 8 பாகைக்கோ அதற்குக் கீழோ இறங்கி, பழங்கள் கூழாங்கற்களாக உறைந்த இரவிலே பறித்து, உறைந்தபடியே பிழிவர். பழத்திலுள்ள நீர் பனிக்கட்டியாகிப் பிழிபொறியிலே தங்கிவிட, சீனியும் புளிப்பும் மணமும் செறிந்த பாகு மட்டும் துளித்துளியாக இறங்கும். சாதாரண வேளையில் அப்பழங்கள் தரக்கூடிய சாற்றில் ஏறத்தாழ ஏழிலொரு பங்கே கிடைக்கும். அச்சாறு மெதுவாக, வாரக்கணக்கில் நொதிக்கும். முடிவில் ஒரு லீற்றரில் சுமார் 200 கிராம் சீனி எஞ்சியிருக்கும். ஆயினும் தெவிட்டாது, கூடவே செறிந்த புளிப்பு அதைத் தாங்கி நிற்கும்.

1983 இல் கைசர் முதன்முதலாக முயன்றார். பழம் முழுவதையும் குருவிகள் தின்று தீர்த்தன. 1984 இல் கொடிகளுக்கு வலை போர்த்தி வெற்றி கண்டார். அவர் எடுத்துக்கொண்ட பழம் விடால். ஜோன் லூயி விடால் என்னும் பிரெஞ்சுக்காரர் 1930 களில் பிராந்தி வடிப்பதற்கென ஒட்டி உருவாக்கிய கலப்பினம் அது. உயர்குல வைன் உலகில் கலப்பினத்துக்கு மதிப்பில்லை. ஆனால் விடாலின் தோல் தடித்தது. காம்பு பிடி விடாதது. காற்றிலும் பனியிலும் மாதக்கணக்கில் தொங்கும். பிரான்சிலே வேண்டாப் பொருளாக இருந்த இக்குணங்களே நயாகராக் குளிரில் பெருந்துணையாயின. 1991 இல் பிரான்சின் போர்தோவில் நடந்த வின்எக்ஸ்போ கண்காட்சியில், இன்னிஸ்கிலினின் 1989 ஆம் ஆண்டு விடால் ஐஸ்வைன் உயரிய கௌரவப் பரிசைப் பெற்றது. பரிசு கொடுத்த ஐரோப்பா சந்தையைத் திறக்கவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும்: கனடிய ஐஸ்வைனைத் தன் எல்லைக்குள் விற்க ஐரோப்பிய ஒன்றியம் அனுமதித்தது 2001 இலேதான்.

இன்னிஸ்கிலின் இன்று சிறு ஆலையன்று. 1990 களின் தொடக்கத்தில் பெரிய நிறுவனத்தோடு இணைந்து, அமெரிக்கக் கம்பனி ஒன்றின் கையில் பத்தாண்டு இருந்து, 2016 இல் ஒன்ராறியோ ஆசிரியர் ஓய்வூதிய நிதியத்தின் உடைமையாயிற்று. சிரால்டோ 2006 இல் விலகினார். கைசர் 2017 இல் காலமானார். சிறு ஆலையின் இயல்பைக் காண விரும்புவோர் பீம்ஸ்வில், வைன்லண்ட், ஜோர்டன் ஆகிய குன்றடி ஊர்களுக்குப் போகலாம். அங்கே குடும்பத்தவரே கொடி வெட்டி, பீப்பா கழுவி, வருவோருக்குக் குவளையில் ஊற்றிக்கொடுக்கும் இடங்கள் இன்னும் உண்டு.

இத்தோட்டங்களிலே கோடையெல்லாம் குனிந்து வேலை செய்வோர் பெரும்பாலும் ஜமெய்க்கா, மெக்சிக்கோ நாட்டவர். 1966 இல் ஜமெய்க்காவுடனும் 1974 இல் மெக்சிக்கோவுடனும் ஏற்பட்ட பருவகாலத் தொழிலாளர் ஒப்பந்தப்படி வருகிறார்கள். எட்டு மாதத்துக்கு மேல் தங்க முடியாது. டிசெம்பர் 15 க்குள் நாடு திரும்பவேண்டும். ஆகவே அவர்கள் பேணி வளர்த்த பழம் உறைந்து அறுவடையாகும் இரவை அவர்களிற் பலர் காண்பதில்லை. அகதியாக வந்தோர்க்கு ஈற்றில் குடியுரிமை என்னும் வாசல் திறந்தது. இருபது முப்பது ஆண்டுகளாக ஒவ்வொரு வசந்தத்திலும் வந்துபோகும் இம்மனிதருக்கு அந்த ஒப்பந்தம் அவ்வாசலைக் காட்டவில்லை. ஐம்பது டொலரைத் தாண்டும் அந்தச் சிறிய போத்தலை வாங்குவோர் இதையும் அறிந்திருப்பது தகும்.

தோலகட்டியின் இனிப்பு

துறவு மடத்தில் கற்றவர் வைன் செய்தார் என்றதும் யாழ்ப்பாணத்தவர் மனதில் தோலகட்டி தோன்றாமல் இராது. தோமஸ் அடிகளார் 1928 இல் அங்கு நிறுவிய செபமாலைத் தாசர் சபையினர், மௌனமும் செபமும் உழைப்பும் நெறியாகக் கொண்டவர்கள். நெல்லிரசமும் முந்திரிகை இரசமும் வைனும் அவர்கள் பெயரோடு ஒட்டிய பண்டங்கள். யாழ்ப்பாணம் கொழும்புத்துறை வீதியிலுள்ள கன்னியர் மடத்திலே விற்கப்படும் வைன் கறுவாவும் கராம்பும் மணக்கும் இனிப்பு வகை. உல்லாசப் பயணிகள் இன்று தேடிச் சென்று வாங்குகின்றனர். ஐரோப்பியர் நத்தார்க் காலத்தில் சூடாக்கிக் குடிக்கும் வாசனை வைனின் சாயல் அதில் உண்டு. சைவ வீடுகளிலும் நெல்லிரசப் போத்தல் இருந்தது. வைன் போத்தல் இருந்தால் அது மருந்து அலுமாரிக்குள் இருந்தது.

குடியைப் பற்றி எம்மவரிடையே இரு மனம் இருப்பது பழைய செய்தி. யவனர் கொண்டுவந்த நறுந்தேறலைப் பாண்டியன் பொற்கலத்தில் அருந்தியதைப் புறநானூற்றின் 56 ஆம் பாட்டு வாழ்த்துகிறது. திருக்குறள் கள்ளுண்ணாமைக்கு ஓர் அதிகாரமே ஒதுக்குகிறது. புதுச்சேரி அருகே அரிக்கமேட்டில் 1945 இல் வீலர் நடத்திய அகழாய்வில், மத்தியதரைக் கடல் நாட்டு வைன் சாடிகளின் ஓடுகள் வெளிப்பட்டன. புலம்பெயர்ந்த மண்ணிலே கலியாண மண்டபத்தின் வாகனத் தரிப்பிடத்தில், கார் டிக்கியைத் திறந்துவைத்து விஸ்கியை அவசரமாக விழுங்கிவிட்டு வரும் வழக்கம் எந்த மனத்தின் விளைவு என்று தெரியவில்லை. மேசையிலே குடும்பத்தார் முன்னிலையில், உணவோடு ஒரு குவளை வைன் என்பது அதைவிட நாகரிகமானது என்பதே என் கருத்து. குடியாதவர்களைக் குடிக்கத் தூண்டுவது நோக்கமன்று. குடிப்பவர்கள் எதைக் குடிக்கிறோம், எதனோடு என்பதை அறிந்து குடிக்கட்டும்.

நண்டுக்கறிக்கு எது?

வைன் நூல்கள் பெரும்பாலும் மாட்டிறைச்சிக்குச் சிவப்பு, மீனுக்கு வெள்ளை என்று தொடங்கும். எமது தூளின் முன்னே அந்தச் சூத்திரம் நிற்காது. எம் கறியில் மீனா இறைச்சியா என்பதைவிட மிளகாய், புளி, தேங்காய்ப்பால் ஆகிய மூன்றும் எவ்வளவு என்பதே முக்கியம்.

மிளகாயின் எரிவை மதுசாரம் கூட்டும். தடித்த சிவப்பு வைனிலுள்ள துவர்ப்பும் கூட்டும். ஆகவே 14 வீத மதுசாரமுள்ள கனத்த கபர்னே சோவின்யோனை உறைப்பான இறைச்சிக் கறியோடு அருந்துபவர் இரண்டு தடவை தண்டிக்கப்படுகிறார். மீனெண்ணெயுடன் அத்துவர்ப்புச் சேர்ந்தால் இரும்பை நக்கிய சுவை வேறு. மாறாக, சற்றே இனிப்பும் நல்ல புளிப்பும் குறைந்த மதுசாரமும் உள்ள வைன் எரிவைத் தணிக்கும். பழப்புளிக்கும் ஈடு கொடுக்கும். அந்த இலட்சணமெல்லாம் பொருந்தியது நயாகராக் குன்றடியில் விளையும் றீஸ்லிங். போத்தலில் 'ஓவ் டிறை' என்று போட்டிருப்பதைக் கேட்டு வாங்கவேண்டும். முற்றாக இனிப்பற்றது வேறு. நண்டுக்கறி, இறால் குழம்பு, கணவாய்ப் பிரட்டல் ஆகியவற்றுக்கு இதற்கு மேலானதொன்றை நான் அறியேன். ஒடியற்கூழுக்கும் இதுவே. கூழின் புகைமணமும் உறைப்பும் ஒரு பக்கம் இழுக்க, குளிர்ந்த றீஸ்லிங் மறுபக்கம் இழுத்து நிறுத்தும். கூழோடு குடிப்பதா என்று பெரியவர்கள் முகம் சுளிக்கக்கூடும். கூழுக்குக் கள் பகையல்ல என்பதை அவர்கள் இளமையிலே அறிந்தவர்களே.

தேங்காய்ப்பால் மிகுந்த சொதி, பால்கறி, இடியப்பம் என்றால் மரப்பீப்பாயில் இடாத சார்டொனே பொருந்தும். பீப்பாயில் இட்டதன் வனிலா மணம் கறிவேப்பிலையோடு சண்டையிடும். மீன் பொரியல், றோல்ஸ், பற்றீஸ், வடை போன்ற எண்ணெய்ப் பலகாரங்களுக்கு நுரை வைன் சிறந்தது. வாயிலுள்ள எண்ணெயைக் கழுவிவிடும். நயாகராவின் குளிர்ச்சி பழத்தின் புளிப்பைக் காப்பதால் நுரை வைனுக்கு இவ்விடம் மிகவும் உகந்தது.

ஆட்டிறைச்சிக் கறிக்குச் சிவப்புத்தான் வேண்டும் என்போர் கமே வாங்குக. இலகுவானது, துவர்ப்புக் குறைந்தது. அரை மணி நேரம் குளிர்சாதனப் பெட்டியில் வைத்துப் பரிமாறினால் வறுத்த தூளின் வாசத்தோடு அழகாகச் சேரும். கபர்னே பிராங் இவ்வட்டாரத்தின் சிறந்த சிவப்பு என்று பலர் மதிப்பது. அதன் பச்சை இலை வாசம் பிரட்டல் கறிக்கு ஒத்துவரும், ஆனால் உறைப்பைச் சற்றுக் குறைத்துச் சமைக்கவேண்டும். மிளகாயைக் குறைப்பதா வைனை மாற்றுவதா என்று கேட்டால் வைனை மாற்றுவதே எம் வீடுகளில் நடக்கக்கூடியது. பினோ நுவாரை எமது கறிக்கு முன்னே வைப்பது வீண். அதன் மென்மையை எம் பெருஞ்சீரகம் ஒரே வாயில் விழுங்கிவிடும்.

ஐஸ்வைனை வட்டிலப்பத்தோடும் தொதலோடும் பரிமாறும் தவறு பொதுவாக நடப்பது. இனிப்புக்கு இனிப்பு என்ற எண்ணம். வைனைவிடப் பலகாரம் இனிப்பாக இருந்தால் வைன் வெறும் புளிநீராகத் தோன்றும். நீலப் பூஞ்சணப் பாற்கட்டியோடு அருந்துவது இங்குள்ளோர் வழக்கம். அந்த நாற்றம் எம்மவர் எல்லோருக்கும் பிடிப்பதில்லை. உப்பிட்டு வறுத்த கஜு இலகுவான மாற்று. மற்றொன்று பலருக்கு வியப்பளிக்கும்: உறைப்பான இறால் பொரியலை வாயிலிட்டு அதன்மேல் ஒரு மிடறு ஐஸ்வைன். எரிவும் இனிப்பும் புளிப்பும் சேரும் அந்த நிலை மிளகாய்த்தூள் தடவிய மாங்காயை அறிந்த நாவுக்குப் புதிதன்று. 10 முதல் 12 பாகைக் குளிரில், ஆளுக்கு 50 மில்லிலீற்றர் போதும். 375 மில்லிலீற்றர் போத்தல் ஏழு பேருக்கு வரும். அருந்தாதோருக்குச் செப்ரெம்பரில் வீதியோரக் கடைகளிலே கூடை கூடையாக விற்கும் கொன்கோட் பழம் உண்டு. தோல் கழன்று வரும், மணம் வீடு நிறையும். பிடுங்கி எறிந்தவற்றில் மிச்சம் நின்ற கொடிகளின் பழம் அது.

தோட்டங்களுக்குச் செல்வோர் ஒன்று கவனிக்க. செப்ரெம்பர் ஒக்ரோபரிலே அங்கு இடைவிடாத வெடியோசை கேட்கும். குருவிகளை விரட்ட வைத்த எரிவாயுப் பீரங்கிகள் அவை. ஊரிலிருந்து அண்மையில் வந்த பெரியவர்களை அழைத்துச் செல்பவர்கள் முன்கூட்டியே சொல்லிவைப்பது நல்லது. வாகனம் ஓட்டுபவர் சுவைத்துப் பார்த்துத் துப்பிவிடலாம். அதற்கென்றே பாத்திரம் வைத்திருப்பார்கள், எவரும் குறையாகக் கொள்வதில்லை.

இளகும் குளிர்

இவ்வளவும் தங்கியிருப்பது மறை 8 என்ற ஓர் எண்ணில். 2019 ஆம் ஆண்டு அறுவடைக்கு உரிய குளிர்காலத்தில் ஜேர்மனியின் எந்த வட்டாரத்திலும் தேவையான குளிர் விழவில்லை. நாடு முழுவதும் ஐஸ்வைன் செய்ய முடியாமற்போன முதல் ஆண்டு அதுவென்று அந்நாட்டு வைன் நிறுவனம் அறிவித்தது. நயாகராவில் அந்நிலை வரவில்லை. ஆயின் டிசெம்பரில் முடியவேண்டிய அறுவடை ஜனவரிக்கும் பெப்ரவரிக்கும் தள்ளிப்போகும் ஆண்டுகள் உண்டு. தள்ளும் ஒவ்வொரு வாரமும் நட்டம். பழம் வற்றி எடை குறையும், காற்றில் உதிரும், வலையின் கீழ்ப்புறத்தால் பறவைகள் நுழையும். ஒருநாள் உறைந்து மறுநாள் இளகிக் காயும் பழத்தில் மணமும் மாறும்.

இதைப் பேராசைக்காரரின் கவலை என்று தள்ளிவிட முடியாது. ஐஸ்வைனுக்காகக் கொடியில் விடும் பழம், இலையுதிர்காலத்திலேயே விற்றுக் காசாக்கியிருக்கக்கூடிய பழம். ஒக்ரோபரில் கையில் வரக்கூடிய வருமானத்தை வலைக்குள் தொங்கவிட்டு, வானிலை அறிக்கையைப் பார்த்துக் காத்திருக்கிறார் கமக்காரர். குறித்த குளிர் இரவு நேரத்திலேயே பெரும்பாலும் வரும். வந்தால் நள்ளிரவிலே ஆட்களைக் கூப்பிட்டு, விளக்கு வெளிச்சத்தில் கையாலோ இயந்திரத்தாலோ விடியுமுன் பறித்துப் பிழியத் தொடங்கவேண்டும். சூரியன் ஏறி மறை 8 தாண்டினால் வேலை நிற்கும். அறுவடையின் அளவும் வெப்பநிலையும் வி.கியூ.ஏ. அதிகாரசபைக்குப் பதிவாகவேண்டும். குளிரறையில் பழத்தை உறையவைத்துச் செய்வது மலிவான வழி. சில நாடுகளில் அப்படியும் செய்கிறார்கள். ஒன்ராறியோவில் அதற்கு ஐஸ்வைன் என்று பெயரிட முடியாது.

புரொக் பல்கலைக்கழகத்தில் 1996 முதல் இயங்கும் குளிர்வலய முந்திரிகை ஆய்வு நிலையம், மொட்டுகள் எந்தக் குளிர்வரை தாங்கும் என்பதைக் குளிர்காலம் நெடுகிலும் அளந்து கமக்காரருக்கு அறிவித்து வருகிறது. சராசரிக் குளிர் இளகினாலும் இடையிடையே கொடுங்குளிர் வராமல் இல்லை. கதகதப்பில் சோம்பியிருக்கும் கொடியை அது திடீரெனத் தாக்கும்போது சேதம் இன்னும் கூடும். 2022 ஜனவரியில் அத்தகைய சேதம் கண்டனர். குளிர் போதாமையும் குளிர் மிகையும் ஒரே தோட்டத்தை மாறிமாறி வருத்துகின்றன.

உரிய இரவு வராமற்போனால் வழி ஒன்றே. மார்கழி வரை காத்த பழத்தை உறையாமலே பறித்துப் பிழிந்து, 'தாமத அறுவடை' என்ற பெயரில் விற்பர். நல்ல வைன்தான். விலை ஐஸ்வைனின் பாதிக்கும் குறைவு.